எந்தப் பார்வையாளர், எந்த ஆண்டு? திரையையும் சமூகத்தையும் முதுகலையில் படிக்க வருபவர்களுக்கு

முதுகலையில் நான் எழுதிய முதல் கட்டுரையில், 'இந்தப் படத்தில் பார்வையாளர்கள் தங்கள் வாழ்க்கையையே கண்டார்கள்' என்று ஒரு வரி இருந்தது. திருத்தித் தந்த ஆசிரியர் அதன் பக்கத்தில் பென்சிலால் மூன்று கேள்விகள் எழுதியிருந்தார். எந்தப் பார்வையாளர்? எந்த ஆண்டு? உங்களுக்கு எப்படித் தெரியும்? மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. படத்தை ஆறு முறை பார்த்திருந்தேன். ஆனால் அதைப் பார்த்த இன்னொரு ஆளிடம் பேசியதில்லை. அது வெளியான வாரத்துச் செய்தித்தாளைக்கூடப் புரட்டியதில்லை.

சினிமாவையும் தொலைக்காட்சியையும் அவை புழங்கும் சமூகத்தோடு சேர்த்துப் படிக்கும் இந்தத் துறையில், மாணவர்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் அந்தப் பென்சில் கேள்விகளில் ஏதாவது ஒன்றுதான். பிறருடைய ஆய்வேடுகளைப் படித்துக் கருத்துச் சொல்லும் வேலையில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். புதிதாக வருபவர்கள் எதை, எந்த வரிசையில் செய்தால் அந்தத் தடுமாற்றம் குறையும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், இது எந்தப் படிப்பு?

படம் எடுக்கக் கற்றுத்தரும் படிப்பு வேறு. கேமராவும் எடிட்டிங்கும் சில இடங்களில் ஒரு தாளாக இருக்கலாம், அவ்வளவுதான். விமர்சனம் எழுதும் பயிற்சியும் வேறு. ஒரு படம் நன்றாக இருக்கிறதா என்ற கேள்வி இங்கே கடைசியில்தான் வரும், பல சமயம் வராமலே போகும். ஒரு படமோ தொடரோ யாருடைய பணத்தில், எந்தச் சட்டத்தின் கீழ் உருவானது? எந்த வழியாக மக்களிடம் வந்து சேர்ந்தது? அதை யாரோடு உட்கார்ந்து பார்த்தார்கள்? பார்த்தபின் அதை வைத்து என்ன செய்துகொண்டார்கள்? பாடம் இவற்றைப் பற்றியது.

ஒரே பெயருள்ள படிப்பு மூன்று வெவ்வேறு வீடுகளில் குடியிருக்கும். இலக்கியம், கலைத் துறைகளில் இருந்தால் படத்தை நுணுக்கமாக வாசிப்பதில் அழுத்தம் இருக்கும். சமூகவியல், மானிடவியல் பக்கம் இருந்தால் களப்பணி முன்னால் வரும். ஊடகத் தொடர்பியல் துறையில் இருந்தால் தொழில், கொள்கை, கணக்கெடுப்பு ஆகியவை கூடும். எந்த வீடு என்று தெரியாமல் சேர்ந்துவிட்டு, நினைத்தது கிடைக்கவில்லையே என்று ஒரு பருவம் முழுக்க வருந்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். படிப்பின் பெயரை நம்பாதீர்கள். அங்கே கடந்த சில ஆண்டுகளில் மாணவர்கள் எழுதிய ஆய்வேடுகளின் தலைப்புகளைக் கேட்டு வாங்குங்கள். ஆய்வுமுறை பற்றிய கட்டாயத் தாளில் நேர்காணலும் ஆவணக்காப்பக வேலையும் கற்றுத்தருகிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த இரண்டையும் நீங்களே தேடிக் கற்க வேண்டியிருக்கும். அதைத் தெரிந்துகொண்டே சேருவது நல்லது.

விண்ணப்பத்தில் எழுதும் நோக்க அறிக்கையைப் பற்றி ஒன்று. சிறு வயதிலிருந்தே சினிமா என்றால் உயிர் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் தேர்வுக்குழு தேடுவது உங்களை விடாமல் உறுத்தும் ஒரு புதிரை. ஒரே தொடரை அம்மா கண்கலங்கிப் பார்க்கிறார், அதே அறையில் மகள் சிரித்துக்கொண்டு பார்க்கிறாள். ஏன் என்று புரியவில்லை, அதைப் படிக்க விரும்புகிறேன் என்று இரண்டு பத்தி எழுதுங்கள். ஆர்வம் அதிலேயே தெரிந்துவிடும்.

பார்க்கப் பழகுதல்

வகுப்பு தொடங்குவதற்குமுன் கிடைக்கும் மாதங்களில் புத்தகங்களை அடுக்கிவைத்துக்கொண்டு மலைக்க வேண்டாம். பார்க்கப் பழகுங்கள். ஒரு படத்தை முதல்முறை மற்றவர்களைப்போலவே முழுதாகப் பாருங்கள், குறிப்பு எடுக்காதீர்கள். அடுத்து அதிலிருந்து ஐந்து நிமிடக் காட்சி ஒன்றைப் பிரித்தெடுத்து, ஒவ்வொரு ஷாட்டையும் எழுதுங்கள். எத்தனை நொடி, சட்டகத்துக்குள் யார், முகம் யாருக்குத் தெரிகிறது, முதுகு யாருக்குத் தெரிகிறது, என்ன ஒலி. மூன்றாம் முறை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். நான்காம் முறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ஐந்து நிமிடக் காட்சிக்கு ஒரு மாலை முழுதும் போய்விடும். பத்துக் காட்சிகள் இப்படிச் செய்தவருக்கு, 'பெண்ணைத் தாழ்வாகக் காட்டுகிறார்கள்' என்று பொத்தாம்பொதுவாக எழுதக் கை வராது. எந்த ஷாட்டில், எதை வைத்து என்று தானாகவே தேடத் தொடங்கிவிடுவார்.

தொலைக்காட்சிக்கு இந்த முறை மட்டும் போதாது. பிரிட்டிஷ் பண்பாட்டு ஆய்வாளர் ரேமண்ட் வில்லியம்ஸ் 1974இல் எழுதிய நூல் ஒன்றில் தன் அனுபவத்தைச் சொல்கிறார். கப்பலில் ஒரு வாரம் பயணம் செய்து களைத்து மயாமியில் இறங்கிய அவர், அன்றிரவு தொலைக்காட்சியில் ஒரு படம் பார்க்கிறார். நடுநடுவே விளம்பரங்கள். போதாததற்கு, வேறு நாட்களில் வரவிருக்கும் இரண்டு படங்களின் முன்னோட்டங்கள். சான்பிரான்சிஸ்கோவில் நடக்கும் குற்றமும், வாசனைப்பொருள் விளம்பரமும், பாரிஸ் காதலும், நியூயார்க்கை நாசமாக்கும் பூதமும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து ஓடின. எது எதைச் சேர்ந்தது என்றே அவருக்குப் பிடிபடவில்லை. தொலைக்காட்சியில் நாம் தனித்தனி நிகழ்ச்சிகளைப் பார்ப்பதில்லை, ஓர் ஓட்டத்தைப் பார்க்கிறோம் என்ற அவருடைய கருத்து அந்தக் குழப்பத்தில் பிறந்தது.

ஆகவே ஒரு தொடரைப் படிக்கும்போது அதற்கு முன்னால் என்ன வந்தது, பின்னால் என்ன வந்தது, இடைவேளையில் எந்தப் பொருளை விற்றார்கள், எத்தனை மணிக்கு ஒளிபரப்பானது என்பதையும் எழுதிவையுங்கள். இணையத்தில் ஏறிய பிரதியில் இவை எல்லாம் வெட்டப்பட்டிருக்கும். வெட்டப்பட்டிருக்கிறது என்பதையாவது குறித்துக்கொள்ளுங்கள். ஓடிடியில் பார்ப்பதாக இருந்தால் 'அடுத்த பகுதி' தானே ஓடத் தொடங்குவதும், முகப்பில் எது முதலில் தெரிகிறது என்பதும் இதே கணக்கில் வரும்.

கேள்வியைச் செதுக்குதல்

இந்தப் படிப்பில் அதிக நேரம் தர வேண்டிய வேலை இது. ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை கொண்டுபோகிறேன்.

'சின்னத்திரையில் பெண்கள்' என்று தொடங்குகிறீர்கள். நூறு பேர் எழுதினாலும் தீராத தலைப்பு. எந்த வகை நிகழ்ச்சி என்று கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவமனைத் தொடர் என்று வைத்துக்கொள்வோம். அதில் எந்தப் பெண்கள்? செவிலியர்கள். எந்தத் தொடர், எந்த ஆண்டுகள்? ஒரு தொடர், அதன் முதல் இரண்டு சீசன்கள். யாருடைய பார்வையில்? அந்த வேலையையே செய்பவர்களுடைய பார்வையில். இப்போது கேள்வி இப்படி நிற்கிறது: 'இந்தத் தொடரின் முதல் இரண்டு சீசன்களில் செவிலியரின் வேலை எப்படிக் காட்டப்பட்டது? அதே ஆண்டுகளில் பணியிலிருந்த செவிலியர்கள் அதில் எதை ஏற்றார்கள், எதை மனத்துக்குள் திருத்திக்கொண்டு பார்த்தார்கள்?'

கேள்வி தேறுமா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை ஒன்று உண்டு. உங்கள் எதிர்பார்ப்புக்கு மாறான விடையைக் கற்பனை செய்ய முடிகிறதா? செவிலியர்கள் தொடரைக் கண்டு கோபப்படுவார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். அவர்கள் அதை விரும்பிப் பார்த்திருந்தால்? அந்த விடைக்கும் உங்கள் ஆய்வில் இடம் இருக்க வேண்டும். எந்தச் சான்று வந்தாலும் ஒரே முடிவுக்கே போய்ச்சேரும் கேள்வி, கேள்வியாக இன்னும் உருவாகவில்லை.

அடுத்து, எந்த வாசல் வழியாக நுழைவது என்று முடிவு செய்யுங்கள். நான்கு வாசல்கள் உண்டு. உருவாக்கம்: எழுத்தாளர் அறை, மருத்துவ ஆலோசகர், செலவுக் கணக்கு. படைப்பு: காட்சியும் ஒலியும் கதையும். புழக்கம்: தணிக்கை, ஒளிபரப்பு நேரம், விளம்பரதாரர், மறு ஒளிபரப்பு. பார்வையாளர். ஒரு முதுகலை ஆய்வேட்டில் நான்கிலும் நுழைந்தால் எதிலும் உட்கார முடியாது. ஒன்றை முதன்மையாகவும் ஒன்றைத் துணையாகவும் வைத்துக்கொள்ளுங்கள். நம் உதாரணத்தில் பார்வையாளர் முதன்மை, படைப்பு துணை.

'பிரதிபலிக்கிறது' என்ற சொல்

சமூகத்தைப் பிரதிபலிக்கும் கண்ணாடி சினிமா என்று பள்ளிக்கட்டுரையிலிருந்தே எழுதிப் பழகிவிட்டோம். ஆய்வேட்டின் முதல் வரைவில் இந்தச் சொல்லைத் தேடிப் பாருங்கள், பத்து இடத்திலாவது இருக்கும். ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நடந்தது என்ன என்று எழுதிப் பாருங்கள். கண்ணாடிக்கு முதலீட்டாளர் இல்லை, தணிக்கை இல்லை, வெளியீட்டுத் தேதி இல்லை. படத்துக்கு எல்லாம் உண்டு. சமூகத்தில் பரவலாக இருக்கும் ஒன்று திரைக்கே வராமல் போகலாம். எங்குமே இல்லாத ஒன்று திரையில் நூறு முறை வரலாம். வேலை செய்யும் பெண்கள் நிறைந்த ஒரு காலத்தின் திரையில் வேலை செய்யும் பெண்ணே இல்லையென்றால், அந்த இல்லாமைக்கு யார் காரணம், எந்த முடிவுகள் காரணம் என்று தேடும்போதுதான் ஆய்வு தொடங்குகிறது.

இந்தச் சிக்கல் பெரியவர்களையும் விட்டதில்லை. ஜெர்மானியத் திரை ஆய்வாளர் ஜீக்ஃப்ரீட் கிராகவர் 1947இல் வந்த நூலில், முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஜெர்மானியப் படங்களில் அந்த மக்களின் மனநிலையையும் நாஜிகளின் வருகைக்கான அறிகுறிகளையும் வாசித்தார். இன்றும் படிக்க வேண்டிய நூல் அது. ஆனால் முடிவு தெரிந்த பிறகு பின்னோக்கிப் பார்த்து, எல்லாப் படத்தையும் அந்த முடிவுக்கான முன்னறிவிப்பாக வாசிக்கிறார் என்ற விமர்சனம் அதன்மேல் உண்டு. அதைப் படிக்கும்போது ஒவ்வொரு அத்தியாயத்தின் ஓரத்திலும் 'எந்தப் பார்வையாளர்?' என்று எழுதிக்கொண்டே போங்கள். நூலின் வலிமையும் பலவீனமும் சேர்ந்து தெரியும்.

கோட்பாட்டை எப்படிப் படிப்பது

வாசிப்புப் பட்டியலைப் பார்த்ததும் பயம் வரும், எனக்கும் வந்தது. ஒரு கோட்பாட்டைத் தனியாகப் படிக்காமல், அது யாருக்குப் பதிலாக வந்தது, அதை யார் சோதித்தார், சோதனையில் என்ன உடைந்தது என்று ஒரு சங்கிலியாகப் படித்தால் பயம் பாதி குறையும். ஒரு சங்கிலியை மட்டும் சொல்கிறேன்.

அமெரிக்காவில் 1929 முதல் 1932 வரை பெய்ன் நிதியம் என்ற தனியார் அறக்கட்டளையின் உதவியோடு, சினிமா குழந்தைகளை என்ன செய்கிறது என்று பெரிய அளவில் ஆராய்ந்தார்கள். முடிவுகள் 1933 முதல் நூல்களாக வந்தன. படம் பார்க்கும் குழந்தையின் தோலில் மின்முனை பொருத்தி உணர்ச்சியை அளந்தார்கள். படம் பார்த்துவிட்டுத் தூங்கும் குழந்தைகள் இரவில் எத்தனை முறை புரள்கிறார்கள் என்பதைக் கட்டிலில் கருவி பொருத்திக் கணக்கெடுத்தார்கள். படம் ஊசி போடுகிறது, பார்வையாளர் வாங்கிக்கொள்கிறார் என்ற எண்ணம் அந்தக் காலத்தில் அத்தனை வலுவாக இருந்தது.

பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் 1973இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு செய்தியை உருவாக்குபவர் அதில் ஒரு பொருளைப் பொதிந்து அனுப்புகிறார், ஆனால் அதைப் பிரித்துப் பார்க்கும் பார்வையாளர் அதே பொருளை எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்றார். சொன்னதை அப்படியே ஏற்றுப் பார்க்கலாம், பாதி ஏற்றுப் பாதி தன் நிலைமைக்கேற்ப வளைத்துக்கொள்ளலாம், எதிர்த்தும் வாசிக்கலாம். நம் செவிலியர்களுக்கு அழகாகப் பொருந்துகிறது இல்லையா? பொருந்துகிறதே என்று இங்கேயே நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். நிறுத்தாதீர்கள், அடுத்த கண்ணிக்கு வாருங்கள்.

டேவிட் மோர்லி இதை மனிதர்களிடம் கொண்டுபோனார். பிபிசியின் 'நேஷன்வைட்' என்ற மாலைச் செய்தி நிகழ்ச்சியை 29 குழுக்களுக்குப் போட்டுக்காட்டிப் பேசவைத்தார். 1980இல் வந்த நூலில் அவர் சொன்னது, வர்க்கத்தை வைத்து மட்டும் ஒருவருடைய வாசிப்பைச் சொல்லிவிட முடியாது என்பது. வங்கி மேலாளர்களும் தொழிற்பயிற்சி மாணவர்களும் வர்க்கத்தால் எட்டி நிற்பவர்கள், வாசிப்பில் பக்கத்தில் வந்து நின்றார்கள். சில கறுப்பின மாணவர்களுக்கு நிகழ்ச்சியே தங்களோடு பேசாத ஒன்றாக இருந்தது. ஏற்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை, ஒதுங்கிவிட்டார்கள். ஹாலின் மூன்று பெட்டிகளில் இந்த ஒதுங்கலுக்கு இடம் எங்கே?

மோர்லி அதோடு விடவில்லை. படிக்கும் இடத்திலும் வேலையிடத்திலும் கூட்டிவைத்துப் படம் காட்டினால் அது தொலைக்காட்சி பார்ப்பதாகுமா என்று தன் வேலையின் மீதே கேள்வி வைத்துக்கொண்டு, வீடுகளுக்குப் போனார். 1986இல் வந்த அடுத்த நூலுக்காகத் தெற்கு லண்டனில் 18 குடும்பங்களிடம் பேசினார். ரிமோட் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி அங்கே முன்னால் வந்தது. பெரும்பாலும் அப்பாவின் கையில். ஆண்கள் வாய்பேசாமல் ஊன்றிப் பார்த்தார்கள், பெண்களில் பலர் வேறு வேலை செய்துகொண்டே பார்த்தார்கள். வீடு ஆணுக்கு ஓய்விடம், பெண்ணுக்கு வேலையிடம் என்பதோடு இதை அவர் சேர்த்து வாசித்தார்.

இந்த நான்கு கண்ணிகளையும் ஒரு வாரத்தில் படித்துவிடலாம். ஒருவர் தன் முடிவைத் தானே சந்தேகித்து அடுத்த அடி வைப்பது எப்படி இருக்கும் என்று இதில் நேரடியாகப் பார்க்கலாம். என்னைப் பொறுத்தவரை, பத்துக் கோட்பாட்டுச் சுருக்கங்களைவிட இது அதிகம் கற்றுத்தரும்.

சான்று எங்கே கிடைக்கும்?

படமே கிடைக்காமல் போகலாம் என்பதற்கு முதலில் மனத்தைத் தயார்செய்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் 1912 முதல் 1929 வரை வெளியான முழுநீள மௌனப்படங்களில் சுமார் 14 சதவீதம் மட்டுமே முதலில் வெளியான வடிவத்தில் முழுதாக மிஞ்சியிருக்கின்றன என்று அந்நாட்டு நாடாளுமன்ற நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. தொலைக்காட்சியின் நிலை இன்னும் மோசம். நாடா விலை அதிகம் என்பதால் 1970கள் வரை பிபிசி போன்ற நிறுவனங்களே பழைய நிகழ்ச்சிகளை அழித்து அதே நாடாவில் புதியதைப் பதிந்தன.

படம் இல்லாவிட்டாலும் அதைச் சுற்றியிருந்த காகிதம் இருக்கும். திரைக்கதைப் பிரதி, தணிக்கைக் குறிப்பு, விளம்பரம், பாட்டுப் புத்தகம், நிகழ்ச்சி நிரல், வாசகர் கடிதம், நீதிமன்ற ஆவணம். தொலைக்காட்சிப் பெட்டி அமெரிக்க வீடுகளுக்குள் எப்படி நுழைந்தது என்பதை எழுதிய லின் ஸ்பிகல், நிகழ்ச்சிகளோடு நிற்காமல் இல்லத்தரசிகளுக்கான பத்திரிகைகளைப் புரட்டினார். பெட்டியை எந்த அறையில் வைப்பது, நாற்காலிகளை எந்தப் பக்கம் திருப்புவது என்ற ஆலோசனைகள் அங்கே குவிந்திருந்தன. குடும்பம் பற்றிய ஒரு காலத்தின் கவலைகள் முழுக்க அந்த நாற்காலிகளில் தெரிந்தன. பழைய திரைப் பத்திரிகைகளை இலவசமாக, சொல் தேடும் வசதியோடு வைத்திருக்கும் 'மீடியா ஹிஸ்டரி டிஜிட்டல் லைப்ரரி'யில் ஒரு நாள் செலவிட்டுப் பாருங்கள்.

விசாரணைக் குழுக்களின் பதிவுகள் பொக்கிஷம். ரங்காச்சாரியார் தலைமையில் 1927-28இல் நடந்த, ஆங்கிலேய ஆட்சி அமைத்த இந்திய சினிமாட்டோகிராஃப் குழுவின் விசாரணையில் அதிகாரிகள், திரையரங்க உரிமையாளர்கள், ஆசிரியர்கள் எனப் பலர் சொன்ன சாட்சியங்கள் கேள்வியும் பதிலுமாக அச்சில் கிடைக்கின்றன. ஆனால் அவற்றை அப்படியே பார்வையாளரின் குரலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். படிக்காத மக்கள் திரையில் பார்ப்பதை அப்படியே நம்பிவிடுவார்கள், வெள்ளையரின் மதிப்பு குறைந்துவிடும் என்று ஓர் அதிகாரி சொல்லும்போது, நமக்குக் கிடைப்பது அந்த மக்களைப் பற்றிய செய்தி அன்று. ஆட்சியின் அச்சம் அங்கே பதிவாகியிருக்கிறது. பெய்ன் நிதிய ஆய்வின் கட்டில்களையும் இப்படித்தான் வாசிக்க வேண்டும். குழந்தைகள் புரண்டதைவிட, புரள்வதை எண்ண வேண்டும் என்று பெரியவர்களுக்குத் தோன்றியதே அதிகம் சொல்கிறது.

மூல ஆவணத்தை நீங்களே திறந்து படியுங்கள். ஹாலிவுட்டின் ஒழுக்க விதிகள் 1930இல் ஏற்கப்பட்டு, 1934 முதல் கடுமையாக நடைமுறைக்கு வந்து, 1968இல் பார்வையாளரின் வயதைப் பொறுத்த தரச்சான்று முறைக்கு இடம்விட்டன. கணவன் மனைவியைத் தனித்தனிக் கட்டிலில் காட்ட வேண்டும் என்று அந்த விதியில் எழுதியிருந்ததாகப் பலரும் எழுதுவார்கள். விதியின் வாசகத்தை எடுத்துப் பார்த்தால், படுக்கையறையைக் கையாள்வதில் நல்ரசனையும் நயமும் வேண்டும் என்ற அளவில் பொதுவான ஒரு வரிதான் இருக்கிறது. அப்படியானால் அந்தத் தனித்தனிக் கட்டில் எங்கிருந்து வந்தது, யார் கேட்டார்கள், யார் முன்கூட்டியே அஞ்சினார்கள் என்ற கேள்விகள் எழும். விதிக்கும் நடைமுறைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒரு முழு ஆய்வேட்டைத் தாங்கும்.

மனிதர்களிடம் பேசுதல்

நேர்காணலுக்குப் போகுமுன் உங்கள் நிறுவனத்தின் அறநெறிக் குழுவிடம் அனுமதி பெற வேண்டியிருக்கும். இதற்கு வாரக்கணக்கில் ஆகலாம், எனவே கேள்வி உருவானவுடனே விண்ணப்பியுங்கள். பேசுபவரிடம் எழுத்தில் ஒப்புதல், பெயர் மாற்றம், எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமை, ஒலிப்பதிவை எங்கே எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்ற உறுதி ஆகியவற்றைச் சடங்காகச் செய்யாதீர்கள். தன் மருத்துவமனையைப் பற்றிப் பேசும் செவிலியருக்கு அது வேலையைப் பாதிக்கக்கூடிய விஷயம்.

'இந்தத் தொடர் உங்களைப் பாதித்ததா?' என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்பார்கள். எங்கே உட்கார்ந்து பார்த்தீர்கள், யார் கூட இருந்தார்கள், எந்தக் காட்சியில் பேச்சு எழுந்தது, அடுத்த நாள் பணியிடத்தில் யார் அதை எடுத்துப் பேசினார் என்று கேளுங்கள். இரவுப்பணியில் இருந்தவர் அந்த நேரத்தில் எப்படிப் பார்த்திருப்பார் என்று நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். ஓய்வறையில் ஒலியைக் குறைத்து, மணி அடித்தால் எழுந்து ஓட ஒரு காதை வெளியே வைத்துக்கொண்டு பார்த்தேன் என்று ஒருவர் சொன்னால், ஒளிபரப்பு நேரம் என்ற சிறு தகவல் உங்கள் ஆய்வின் நடுவுக்கு வந்துவிடும். 1930களில் பிரிட்டனில் படம் பார்த்தவர்களின் நினைவுகளைச் சேகரித்த ஆனெட் கூன் கண்டதும் இது போன்றது. படங்களின் கதையைவிட, திரையரங்குக்கு நடந்துபோன வழியும் கூட வந்தவர்களும் உள்ளே கிடைத்த இதமும் அவர்கள் நினைவில் ஆழமாக நின்றன. உங்களிடம் பேசுபவர்கள் கேள்வியைவிட்டு விலகிப் பேசுவதாக நினைத்து இழுத்துப் பிடிக்காதீர்கள். அந்த விலகலில் நிறைய இருக்கிறது.

எண்ணிக்கை குறைவு என்று கவலைப்படாதீர்கள். ஈன் ஆங் நெதர்லாந்தில் ஒரு பெண்கள் பத்திரிகையில் சிறு விளம்பரம் கொடுத்து, 'டல்லாஸ்' என்ற அமெரிக்கத் தொடரைப் பற்றி எழுதச் சொன்னார். வந்த 42 கடிதங்களை வைத்து அவர் எழுதிய நூல் இன்றும் படிக்கப்படுகிறது. பிடிக்கும் என்று எழுதியவர்கள் ஏன் இத்தனை தயங்கித் தயங்கி, மன்னிப்புக் கேட்கும் தொனியில் எழுதுகிறார்கள் என்று அவர் கேட்டார். ரசனையைப் பற்றிய வெட்கம் எங்கிருந்து வருகிறது என்ற பெரிய கேள்வி அந்தச் சிறு குவியலில் கிடைத்தது. செவிலியர்கள் பன்னிரண்டு பேரிடம் நன்றாகப் பேசினால் உங்களுக்கும் போதும்.

இணையத்தில் கிடக்கும் ஆயிரக்கணக்கான கருத்துகளை அள்ளிக்கொண்டுவந்து 'பார்வையாளர் சொன்னது' என்று வைக்கும் ஆசை வரும். எழுதாமல் பார்த்துவிட்டுப் போனவர்கள் அதில் இல்லை. எழுதியவர் யார் என்பதும் உங்களுக்குத் தெரியாது. பயன்படுத்தலாம், ஆனால் இந்த இரண்டு குறைகளையும் அதே பத்தியில் எழுதிவிடுங்கள்.

எழுதுதல்

கதைச்சுருக்கம் அரைப்பக்கத்தைத் தாண்டக் கூடாது. படத்தின் பெயரோடு வெளியான ஆண்டையும், மேற்கோள் காட்டும் காட்சியோடு நேரக்குறியையும் தாருங்கள். எந்தப் பிரதியைப் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள், ஏனெனில் திரையரங்கில் ஓடியதும் தொலைக்காட்சியில் வந்ததும் ஓடிடியில் இருப்பதும் நீளத்திலேயே வேறுபடலாம். காட்சியைப் பற்றிய வாதத்தை எழுதியதும், அதை ஏற்க மறுக்கும் ஒரு செவிலியரின் பேச்சைப் பக்கத்திலேயே வையுங்கள். இரண்டும் உரசும் இடத்தில் உங்கள் சொந்த வாக்கியம் பிறக்கும்.

நெறியாளரிடம் வெறுங்கையோடு போகாதீர்கள். இரண்டு பக்கம் எழுதி, அதில் எங்கே சிக்கியிருக்கிறீர்கள் என்று ஓரிடத்தைச் சுட்டிக் கேளுங்கள். நேர்காணல்களை எழுத்தாக்க நீங்கள் நினைப்பதைவிட மூன்று மடங்கு நேரம் ஆகும். அதை வேறு யாரிடமும் கொடுக்காமல் நீங்களே செய்தால், எங்கே தயங்கினார், எங்கே சிரித்தார் என்பது காதில் தங்கும்.

வைவா எனப்படும் வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள். ஏன் இந்த இரண்டு சீசன்? ஏன் இந்தப் பன்னிரண்டு பேர்? பதின்மூன்றாவதாக ஒருவர் வந்து இவர்கள் சொன்னதையெல்லாம் மறுத்தால் உங்கள் முடிவு என்ன ஆகும்? எல்லாச் செவிலியரையும் பற்றி நான் சொல்லவில்லை, இந்தப் பன்னிருவர் இந்தத் தொடரை இந்த நிலைமையில் எப்படிப் பார்த்தார்கள் என்று சொல்கிறேன், அந்த நிலைமைகளில் எவை மற்ற இடங்களிலும் இருக்கும் என்று காட்டுகிறேன் என நிதானமாகச் சொல்லுங்கள். அதற்கு முந்தைய நாள் மாலை, பன்னிருவரில் மற்ற எவரோடும் ஒத்துப்போகாதவர் யாரோ, அவருடைய ஒலிப்பதிவை இன்னொரு முறை முழுதாகக் கேளுங்கள்.